வொண்டர் வுமனுக்கு 'அந்த' ஒரு கதை எது?

பேட்மேன் படிக்க ஆரம்பிக்கணும், ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கன்னு காமிக்ஸ் படிக்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும். 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' (1986), இல்லன்னா 'பேட்மேன்: இயர் ஒன்' (1987). ரெண்டுமே ஃப்ராங்க் மில்லர் எழுதியவை. சூப்பர்மேன் என்று கேட்டால் 2005 முதல் 2008 வரை கிராண்ட் மாரிசன் எழுதி ஃப்ராங்க் க்வைட்லி வரைந்த 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்' 12 இதழ்களைச் சொல்வார்கள்.

இப்போ வொண்டர் வுமன் என்று கேளுங்கள். முதலில் ஒரு இழுவை. அப்புறம் "அது வந்து... எந்தக் காலத்து வொண்டர் வுமன்?" என்று எதிர்க்கேள்வி. பத்துப் பேரிடம் கேட்டால் ஏழு பதில் கிடைக்கும்.

இது கொஞ்சம் விசித்திரம்தான். டிசி காமிக்ஸின் மும்மூர்த்திகள் என்றால் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன். மூன்றாமவர் 1941இல் அறிமுகமானவர். உலகத்தில் எந்த மூலையில் காட்டினாலும் அந்த நெற்றிப் பட்டையையும் கைக்காப்புகளையும் கயிற்றையும் அடையாளம் கண்டுகொள்வார்கள். முகம் ஊருக்கே தெரியும். ஆனா அவருடைய கதை ஒன்று சொல்லுங்கள் என்றால் முக்கால்வாசிப் பேர் 2017 சினிமாவைச் சொல்வார்கள், கொஞ்சம் வயதானவர்கள் லிண்டா கார்ட்டர் நடித்த 1975 டிவி தொடரைச் சொல்வார்கள். காமிக்ஸில் பிறந்த ஒருவருக்குக் காமிக்ஸில் ஒரு கதை வாயில் வரவில்லை.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2016 அக்டோபர் 21 அன்று, வொண்டர் வுமனின் 75ஆம் ஆண்டை ஒட்டி, ஐக்கிய நாடுகள் சபை அவரைப் பெண்கள் மற்றும் சிறுமியரின் மேம்பாட்டுக்கான கௌரவத் தூதராக அறிவித்தது. அங்கே வேலை பார்க்கிறவர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள், விழா நாளில் முதுகைக் காட்டி நின்றார்கள். எதிர்ப்பு மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். டிசம்பர் பாதிக்குள் அந்தப் பதவியே முடிந்துபோனது. எதிர்ப்பின் மையம் அவருடைய உடைதான், உருவம்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் கவனித்தது வேறு. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பேசியது ஒரு படத்தைப் பற்றி. "இதோ, இந்தக் கதையைப் படிங்க, இவள் யாருன்னு புரியும்" என்று நடுவில் வைக்க ஒரு புத்தகம் இல்லை. கதை இல்லாத சின்னத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். சின்னப் பிள்ளைகள் டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்கிற சின்னம் இது. அதனால்தான் இந்தத் தேடல் எனக்கு முக்கியமாகப் பட்டது.

எதை வைத்து முடிவு செய்வது?

என் தொழில் மென்பொருள். தேவை என்ன என்று எழுதாமல் எதையும் சோதிக்க முடியாது என்பது அங்கே பால பாடம். "நல்ல கதை" என்று பொத்தாம்பொதுவாகத் தேடினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் நாலு சோதனைகள் வைத்துக்கொண்டேன்.

ஒன்று: முன்கதை தெரியாத ஒருவர் எடுத்துப் படித்தால் புரியணும்.

இரண்டு: அந்தப் புத்தகத்துக்குள்ளேயே கதை முடியணும். "மீதியை வேற நாலு தொடரில் காண்க" என்று இருக்கக் கூடாது.

மூன்று: அவருடைய அடிப்படை அதில் இருக்கணும். அமேசான் பெண்கள் மட்டும் வாழும் தீவு, அங்கிருந்து தானாக விரும்பி வெளியே வந்தவள், போர்த்திறமையும் சமாதானமும் ஒரே ஆளிடம் இருப்பது.

நான்கு: இதுதான் முக்கியம், மாற்றிப் பார்க்கும் சோதனை. கதையில் வொண்டர் வுமனை எடுத்துவிட்டு சூப்பர்மேனை வைத்தால் கதை அப்படியே ஓடுகிறதா? ஓடினால் அது அவளுடைய கதை இல்லை.

இனி வேட்பாளர்களைப் பார்ப்போம்.

மார்ஸ்டன்: அஸ்திவாரம் போட்டவர்

வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் உளவியலாளர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கியவர். 1923இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அந்தச் சோதனையைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. அறிவியல் சாட்சியத்தை எப்போது ஏற்கலாம் என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் 'ஃப்ரை' விதி என்று சொல்கிறார்களே, அது இந்த வழக்கில் பிறந்ததுதான்.

இவர் சார்ல்ஸ் மோல்டன் என்ற புனைபெயரில் எழுத, ஹாரி ஜி. பீட்டர் வரைய, 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' 8ஆம் இதழில் வொண்டர் வுமன் வந்தார். அடுத்து 'சென்சேஷன் காமிக்ஸ்', 1942 கோடையில் சொந்தப் பெயரிலேயே தனி இதழ். கதை நமக்குத் தெரிந்ததுதான். பாரடைஸ் தீவில் விமானி ஸ்டீவ் ட்ரெவர் விழுகிறார். அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடப் போட்டி நடக்கிறது. மகள் கலந்துகொள்ளக் கூடாது என்று அரசி ஹிப்போலிட்டா சொல்ல, டயானா முகமூடி போட்டுக்கொண்டு ஜெயிக்கிறாள். 1942இல் இன்னொரு விவரமும் சேர்ந்தது: டயானா தாய் களிமண்ணில் பிடித்து, தேவதை உயிர் கொடுத்த பிள்ளை. அப்பாவே கிடையாது.

இங்கே ஒரு பிரபலமான செய்தியைச் சரிபார்க்க வேண்டும். "பொய் கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கியவர், அதனால் உண்மை சொல்ல வைக்கும் கயிற்றையும் உருவாக்கினார்" என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள். பாதிதான் சரி. மார்ஸ்டன் கதைகளில் அந்தக் கயிற்றால் கட்டுண்டவர் கீழ்ப்படிய வேண்டும், உண்மை சொல்வது அந்தக் கீழ்ப்படிதலில் ஒரு பகுதி மட்டுமே. மார்ஸ்டனின் கொள்கையே அதுதான். அன்பான ஒருவருக்கு மனமுவந்து அடங்குவதில்தான் உலக அமைதி இருக்கிறது, அந்த அன்பான ஆட்சியைப் பெண்களால்தான் தர முடியும் என்று நம்பினார். அதனால்தான் அவர் கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் கயிறும் சங்கிலியும். அந்தக் காலத்திலேயே இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. அதே சங்கிலி, வாக்குரிமைக்குப் போராடிய பெண்களின் கேலிச்சித்திரங்களில் இருந்தும் வந்தது என்று வரலாற்றாய்வாளர் ஜில் லெப்போர் 2014இல் வந்த தன் புத்தகத்தில் காட்டுகிறார். ஓவியர் பீட்டரே 1910களில் அந்த வகைப் படங்கள் வந்த பத்திரிகையில் வேலை பார்த்தவர்.

சோதனைக்கு வருவோம். மூன்றும் நாலும் முழு மதிப்பெண். இந்தக் கதைகளை வேற யாருக்கும் மாற்ற முடியாது. ஆனா எல்லாம் சின்னச் சின்னக் கதைகள். எது ஒன்றும் தனியாக நின்று முழுமையாவதில்லை. போர்க்கால அமெரிக்காவின் இனக் கேலிச் சித்திரங்களும் உள்ளே இருக்கின்றன. இன்றைய பிள்ளையிடம் விளக்கம் இல்லாமல் நீட்ட முடியாது.

இருபத்தைந்து வருட இறக்கம்

1947 மே மாதம் மார்ஸ்டன் இறந்தார். அதற்கு முன்பே பல கதைகளை அவருடைய மாணவியாக இருந்த ஜாய் ஹம்மல் எழுதிக்கொண்டிருந்தார், 70க்கும் மேற்பட்ட கதைகள். ஒன்றிலும் அவர் பெயர் வரவில்லை. மார்ஸ்டனுக்குப் பிறகு பொறுப்பு ராபர்ட் கனிகருக்குப் போனது. அவர் ஏறத்தாழ 20 வருடம் எழுதினார். 1954இல் காமிக்ஸுக்குத் தணிக்கை விதிகள் வேறு வந்துவிட்டன. ஸ்டீவ் எப்போது கல்யாணம் பண்ணிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பதும், டயானாவின் சிறுவயது உருவங்கள் அவளோடு சேர்ந்து சாகசம் செய்வதுமாகக் கதைகள் ஓடின.

1968இல் டென்னி ஓ'நீலும் ஓவியர் மைக் செகோவ்ஸ்கியும் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். அமேசான்கள் வேறு உலகத்துக்குப் போகிறார்கள், டயானா சக்தியை எல்லாம் துறந்துவிட்டு மனித உலகத்தில் தங்குகிறாள். வெள்ளை உடை, தற்காப்புக் கலை, சொந்தமாக ஒரு துணிக்கடை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், சக்தி இல்லாத சாதாரணப் பெண் என்றால் நவீனமாக இருக்கும் என்று நினைத்தார்கள். ஆனா அந்த நேரத்தில் வெளியே பெண்ணுரிமை இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. இருக்கிற ஒரே பெரிய நாயகியிடமிருந்து சக்தியைப் பிடுங்கியது அவர்கள் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. 1972 ஜூலையில் குளோரியா ஸ்டைனெம் தன் 'மிஸ்' பத்திரிகையின் முதல் வழக்கமான இதழ் அட்டையில் பழைய உடையில் வொண்டர் வுமனைப் போட்டார். அடுத்த வருடம் சக்தி திரும்பி வந்தது.

இதைக் கவனியுங்கள். வொண்டர் வுமனை மீட்டவர்கள் ஒரு கதையைக் காட்டி மீட்கவில்லை, ஒரு உருவத்தைக் காட்டி மீட்டார்கள். அந்த உருவம் அன்றிலிருந்து கதையை விடப் பெரிசாகிவிட்டது.

பெரெஸ்: ஏறத்தாழ வெற்றி

1985-86இல் டிசி தன் உலகம் முழுவதையும் ரீபூட் செய்தது. டயானா திரும்பக் களிமண்ணாகவே ஆகிப்போனாள். புதிய தொடர் 1987இல் தொடங்கியது. ஜார்ஜ் பெரெஸ் வரைந்தார், முதலில் கிரெக் பாட்டரும் அப்புறம் லென் வெய்னும் கூட எழுதினார்கள், போகப் போக பெரெஸே எழுத்தையும் எடுத்துக்கொண்டார். ஆசிரியர் கேரன் பெர்கர். 1992இல் வந்த 62ஆம் இதழ் வரை பெரெஸ் இருந்தார்.

இதன் முதல் பகுதிக்கு 'காட்ஸ் அண்ட் மார்ட்டல்ஸ்' என்று பெயர். அமேசான்கள் யார் என்பதற்கு பெரெஸ் கொடுத்த பதில் ஆளை உலுக்கும்: ஆண்களின் வன்முறையால் செத்துப்போன பெண்களின் ஆன்மாக்களுக்குத் தேவதைகள் கொடுத்த மறுபிறவி. ஹிப்போலிட்டா போன பிறவியில் கர்ப்பிணியாகக் கொல்லப்பட்டவள். பிறக்காமல் போன அந்தப் பிள்ளையின் ஆன்மாதான் களிமண்ணில் டயானாவாக வருகிறது. மார்ஸ்டனின் களிமண் தேவதைக் கதையாக இருந்தது. பெரெஸ் அதற்கு ஒரு தாயின் துக்கத்தைச் சேர்த்தார்.

டயானாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பாஸ்டனில் ஜூலியா கபடெலிஸ் என்ற பேராசிரியை வீட்டில் தங்கிக் கற்றுக்கொள்கிறாள். வில்லன் போர்க்கடவுள் ஏரிஸ். அமெரிக்காவையும் சோவியத்தையும் அணு ஆயுதப் போரில் மோதவிடப் பார்க்கிறான். கடைசியில் டயானா அவனை அடித்து ஜெயிக்கவில்லை. கயிற்றால் கட்டி, அவன் ஆசை நிறைவேறினால் என்ன ஆகும் என்ற உண்மையை அவனையே பார்க்க வைக்கிறாள். மனிதர் எல்லாரும் செத்த பிறகு போர்க்கடவுளைக் கும்பிட யார் இருப்பார்கள்? ஏரிஸ் தானாகவே நிறுத்துகிறான். கயிறு இங்கேதான் முழுசாக 'உண்மைக் கயிறு' ஆகிறது.

ஒன்றாம் சோதனை தேர்வு, மூன்றும் நான்கும் தேர்வு. இரண்டில்தான் கொஞ்சம் இடறல். ஏரிஸ் கதை முடிந்தாலும் புத்தகம் ஒரு நீண்ட தொடரின் முதல் தொகுதியாகத்தான் இருக்கிறது. ஜூலியா, அவர் மகள் வனெஸ்ஸா, விளம்பர முகவர் மிண்டி மேயர் எல்லாருக்கும் பின்னால் நடக்கப்போவதுதான் பெரெஸின் உண்மையான சாதனை. அணு ஆயுதப் பயம், வசனம் நிறைந்த பக்கங்கள் என்று 1980களின் வாசமும் தூக்கலாக இருக்கும்.

அடுத்தடுத்த ரீபூட்கள்

பெரெஸுக்குப் பிறகு 2011இல் பிரையன் அசரெல்லோ எழுத்தில், கிளிஃப் சியாங் ஓவியத்தில் ஒரு புதிய தொடக்கம். பார்க்க அவ்வளவு அழகு. கிரேக்கக் கடவுள்களை ஒரு மாஃபியா குடும்பம் மாதிரிக் காட்டிய விதம் அருமை. 35 இதழ்களில் தொடங்கி முடிகிற ஒரே கதை. ஒன்றும் இரண்டும் தேர்வு.

ஆனா மூன்றில் விழுகிறது. களிமண் கதை பொய், டயானா ஸீயஸின் மகள் என்று மாற்றினார்கள். அமேசான்கள் கப்பல் மாலுமிகளை மயக்கிக் கொன்று, பிறக்கும் ஆண் குழந்தைகளை ஆயுதங்களுக்கு மாற்றாகக் கொடுக்கிறவர்கள் என்று ஒரு இதழில் வந்தது. புராணத்தில் அப்பா இல்லாமல் பிறந்த நாயகி எத்தனை பேர்? இருந்த ஒருத்திக்கும் அப்பாவைத் தேடிக் கொடுத்தாயிற்று. 2017 சினிமாவும் அதையே எடுத்துக்கொண்டது.

2016இல் கிரெக் ரக்கா திரும்ப வந்து 'இயர் ஒன்' எழுதினார், நிக்கோலா ஸ்காட் வரைந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு நல்ல வாசல் இது. அதே தொடரில் ஒன்று விட்டு ஒன்று வந்த மற்ற இதழ்களில், இடைக்காலத்தில் டயானா தன்னைப் பற்றி நம்பியதெல்லாம் பொய் என்று சொல்லப்பட்டது. அதாவது, ரீபூட் குழப்பமே கதையின் பிரச்சினை ஆகிவிட்டது. 2021-22இல் கெல்லி சூ டிகானிக் எழுதிய 'ஹிஸ்டோரியா' மூன்று புத்தகங்கள் ஓவியத்தில் ஒரு சிகரம். ஆனா அது ஹிப்போலிட்டாவின் கதை, டயானா கடைசியில் குழந்தையாகத்தான் வருகிறாள். 2024இல் தொடங்கிய 'அப்சல்யூட் வொண்டர் வுமன்' தீவையே எடுத்துவிட்டு அவளை நரகத்தில் வளர்க்கிறது. அட்டகாசம்தான், ஆனா மூலத்தைத் தெரிந்தவருக்குத்தான் அந்தத் திருப்பம் திருப்பமாகத் தெரியும்.

ஏன் இப்படி?

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

முதல் காரணம், மூலக்கதையையே மாற்றிக்கொண்டே இருப்பது. பேட்மேனை எத்தனை முறை ரீபூட் செய்தாலும் அந்தச் சந்து, அந்தத் துப்பாக்கி, சிதறும் முத்துமாலை மாறாது. வொண்டர் வுமனுக்கு ஒவ்வொரு முறையும் அஸ்திவாரத்தையே தோண்டுகிறார்கள். களிமண்ணா, ஸீயஸா? கயிறு கீழ்ப்படியவா, உண்மைக்கா? தீவு சொர்க்கமா, கொலைக்களமா? நூலகத்தின் இடைமுகம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறினால் அதன் மேல் யாரும் எதையும் கட்ட முடியாது. அதே கதைதான்.

இரண்டாவது, யார் எழுதினார்கள் என்பது. ஒரு ஒப்பீடு. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழ் நாயகி மாடஸ்டி பிளைசி. நம்மில் பலருக்கு அறிமுகமான முதல் ஆங்கில நாயகி அவர்தான். மாடஸ்டி யார் என்பதில் யாருக்கும் குழப்பம் வந்ததே இல்லை. காரணம், 1963 முதல் 2001 வரை அந்தச் சித்திரத்தொடரை எழுதியது பீட்டர் ஓ'டானல் என்ற ஒரே மனிதர். வொண்டர் வுமனோ கம்பெனிச் சொத்து, கை மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கைகளில் பெண்களின் கை மிகக் குறைவு. ஹம்மலின் பெயர் மறைந்துபோனது. எழுத்தாளர் என்று ஒரு பெண் பெயர் அச்சானது 1983இல், 300ஆம் இதழில், கணவர் ராய் தாமஸோடு சேர்ந்து எழுதிய டான் தாமஸுடையது. நீண்ட காலம் தொடரைத் தன் பொறுப்பில் நடத்திய பெண் என்றால் 2007 இறுதியில் வந்த கெயில் சிமோன். 1941க்கும் 2007க்கும் நடுவில் 66 வருடம்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. சூப்பர்மேன் ஒரு கிரகத்தை இழந்தவன். பேட்மேன் அப்பா அம்மாவை இழந்தவன். காயம் இருந்தால் கதை தானாக வந்துவிடும், காயத்தில் தொடங்கி ஆறுதலில் முடிக்கலாம். டயானாவுக்குக் காயம் இல்லை. அம்மா உயிரோடு இருக்கிறாள், வீடு சொர்க்கம், யாரும் துரத்தவும் இல்லை. மற்றவர்களுக்காகத் தானாக விரும்பி வெளியே வந்தாள். இப்படிப்பட்டவளுக்குக் கதையை எங்கே தொடங்குவது? இதனால் தடுமாறியவர்கள்தான் அவளுக்கு ஒரு ரகசிய அப்பா, ஒரு பொய், ஒரு நரகம் என்று காயத்தை வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனா அவளிடம் காயத்துக்குப் பதில் வேறொன்று இருக்கிறது. வாக்கு. கொடுத்த வாக்குக்காகத்தான் அவள் இங்கே இருக்கிறாள். அப்படியானால் அவளுடைய சரியான கதை, ஒரு வாக்கைப் பற்றிய கதையாகத்தான் இருக்க முடியும்.

என் தீர்ப்பு: 'தி ஹிக்கெட்டியா'

2002இல் வந்த கிராஃபிக் நாவல். எழுதியது கிரெக் ரக்கா, வரைந்தது ஜே. ஜி. ஜோன்ஸ். ஒரே மூச்சில் படித்துவிடலாம். கடைசி வரை சொல்லப்போகிறேன், வேண்டாம் என்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

ஹிக்கெட்டியா என்பது பழங்கிரேக்கத்தில் உண்மையிலேயே இருந்த வழக்கம். கதியற்றவர் ஒருவர் இன்னொருவரின் முழங்காலைப் பற்றிக்கொண்டு அடைக்கலம் கேட்பது. ஏற்றுக்கொண்டவர் காப்பாற்றியே ஆகவேண்டும், இதற்கு ஸீயஸே சாட்சி. தமிழில் படிக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம், புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக்கொடுத்த சிபியைத் தெரிந்தவர்கள் நாம். டானியெல் என்ற இளம்பெண் டயானாவிடம் வந்து இப்படி அடைக்கலம் கேட்கிறாள். டயானா காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறாள். வாக்கை மீறுகிறாளா என்று பார்க்க, பழிவாங்கும் தேவதைகளான எரின்னியர் வாசலில் வந்து உட்கார்கிறார்கள்.

அப்புறம்தான் தெரிகிறது, டானியெல் கொலை செய்தவள். தன் தங்கையின் சாவுக்குக் காரணமானவர்களைத் தேடித் தேடிக் கொன்றிருக்கிறாள். அவளைப் பிடிக்க வருகிறவர் பேட்மேன். சட்டம் அவர் பக்கம். வாக்கு டயானா பக்கம். ரெண்டு பேருமே நல்லவர்கள், ரெண்டு பேருமே சரி. பேட்மேனை அடித்துக் கீழே தள்ளி அவர் தலைமேல் டயானா காலை வைத்து நிற்கிற அட்டைப் படம் பிரபலம். ஆனா புத்தகம் அந்த வெற்றியைப் பற்றியது இல்லை. ஒரு கட்டத்தில் பேட்மேனே மண்டியிட்டு அடைக்கலம் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். கடைசியில், தன்னால் டயானா அழியக் கூடாது என்று டானியெல் தானே உயிரை விட்டு அவளை வாக்கிலிருந்து விடுவிக்கிறாள். உலகின் மிக பலசாலிப் பெண், ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியாமல் நிற்பதோடு கதை முடிகிறது.

நாலு சோதனையிலும் வைத்துப் பாருங்கள். முன்கதை தேவையில்லை. உள்ளேயே முடிகிறது. தீவு நேரடியாக வராவிட்டாலும் தீவின் அறம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, போர்த்திறமையும் கருணையும் ஒன்றையொன்று இழுக்கின்றன. நாலாவது சோதனை? சூப்பர்மேனை அங்கே வைத்தால் டானியெலைப் போலீஸில் சரணடையச் சொல்லி நல்ல வக்கீலாகப் பார்த்துக் கொடுப்பார், கதை முடிந்தது. பேட்மேனை வைத்தால் என்ன ஆகும் என்பதைப் புத்தகமே காட்டுகிறது, அவர்தான் எதிரில் நிற்கிறாரே. இந்தக் கதை டயானாவுக்கு மட்டுமே நடக்க முடியும்.

குறை இல்லையா? இருக்கிறது. இதில் மகிழ்ச்சி இல்லை. மார்ஸ்டனின் டயானா சிரிப்பாள், கங்காரு மேல் சவாரி செய்வாள். பெரெஸின் டயானா ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்த்து வியப்பாள். ரக்காவின் டயானா கல்லில் செதுக்கிய மாதிரி நிற்பாள். பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கிற புத்தகமும் இல்லை. அவர்களுக்கு ரெனே டி லிஸ் எழுதி வரைந்த 'தி லெஜண்ட் ஆஃப் வொண்டர் வுமன்' (2016) பொருத்தம்.

எனவே வரிசை இப்படி: பெரியவர்களுக்கு முதலில் 'ஹிக்கெட்டியா', அடுத்து பெரெஸின் முதல் தொகுதி, பிடித்துப்போனால் மார்ஸ்டனின் ஆரம்ப இதழ்கள். 'ஹிக்கெட்டியா'வில் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியும், பெரெஸில் ஏன் அப்படி ஆனாள் என்று தெரியும், மார்ஸ்டனில் இந்த விநோதம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

ஒரே சாமிக்கு ஊருக்கு ஒரு தலபுராணம் இருப்பது நமக்குப் புதிதல்ல, அதனால் பல கதைகள் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனா தலபுராணம் சொல்கிற ஒவ்வொரு ஊரும் தன் கதையை முழுசாகச் சொல்லும். இனி வரும் எழுத்தாளர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுதான்: அவளுக்குப் புதிதாக ஒரு அப்பாவைத் தேடாமல், அவள் கொடுத்த வாக்கு ஒன்றை எடுத்து அதைக் கடைசி வரை கொண்டுபோகட்டும். உங்கள் தேர்வு வேறு என்றால், நாலு சோதனையிலும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். குறிப்பாக அந்த நாலாவதில்.